சின்னமனூரில் வாங்கும் மெத்தை மேகமலைக்கு ஆகுமா?

சின்னமனூரில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேகமலையில் இறங்குவதற்குள் சுமார் 1,100 மீட்டர் உயரம் ஏறியிருப்போம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது வானிலையியலின் பொதுக் கணக்கு. கீழே ஃபேனை ஐந்தில் வைத்தும் தூக்கம் வராமல் புரளுகிற அதே இரவில், மேலே ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார்கள்.

ஆனால் இரண்டு வீட்டுக்கும் மெத்தை வருவது பெரும்பாலும் அடிவாரத்துக் கடைகளிலிருந்துதான். எத்தனை இஞ்ச், என்ன டென்சிட்டி, பட்ஜெட் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த ஊரில், எந்த அறையில் போட்டுப் படுக்கப் போகிறோம் என்பது பேச்சிலேயே வராது. முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

மெத்தைக்கு வேலை இரண்டு. உடல் எடையைத் தாங்கி முதுகெலும்பை அதன் இயல்பான வளைவில் வைத்திருப்பது ஒன்று. இது எல்லோருக்கும் தெரியும். உடல் விடுகிற சூட்டையும் ஈரத்தையும் சமாளிப்பது இன்னொன்று. தூங்கும்போதும் நம் உடல் சுமார் 70 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. விடிவதற்குள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஒரு டம்ளர் தண்ணீராவது ஆவியாகிவிடுகிறது. தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கியாக வேண்டும். அதற்காகவே கை கால் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி, சூடு வெளியேறுகிறது. அந்தச் சூடும் ஈரமும் முதலில் போய் முட்டுவது மெத்தையில். அங்கே வழி அடைபட்டால் எவ்வளவு விலை கொடுத்த மெத்தையிலும் நடு இரவில் விழிப்புத்தான்.

பலகை மாதிரி இருந்தால் முதுகுக்கு நல்லதா?

முதுகுவலி என்றதும் ‘கெட்டியான மெத்தையில் படுங்கள்’ என்பது நம் ஊரில் பரம்பரை ஆலோசனை. இதை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தையும் மறு பாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கும்போதும் எழும்போதும் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான முடிவு இது.

காரணம் எளிது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும்தான் உடலின் மேடுகள். பலகைபோன்ற பரப்பில் அவை உள்ளே இறங்க இடமில்லாததால் முழு அழுத்தமும் அங்கேயே விழும். இடை அந்தரத்தில் தொங்கும். மெத்தென்ற பரப்பில் இடுப்பு மட்டும் அதிகமாகப் புதைந்து முதுகு வில்லாக வளையும். மேடுகள் இறங்குகிற அளவுக்கு மென்மை, இடையைத் தாங்குகிற அளவுக்குக் கெட்டி: வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவிலான நிலை. அது ஆளுக்கு ஆள் மாறும். 90 கிலோ ஆளுக்கு நடுத்தரமாகத் தோன்றுவது 50 கிலோ ஆளுக்குக் கல்லாகத் தோன்றும். ‘ஆர்த்தோ’ என்று லேபிள் ஒட்டியிருப்பதால் மட்டும் அது உங்கள் முதுகுக்குப் பொருந்திவிடாது.

டென்சிட்டி பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. ‘40 டென்சிட்டி’ என்றால் ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்று பொருள். ஃபோம் எத்தனை காலம் அமுங்காமல் உழைக்கும் என்பதற்கு அது ஓரளவு அடையாளம். எவ்வளவு கெட்டி என்பது வேறு கணக்கு. டென்சிட்டி கூடிய மென்மையான ஃபோமும் உண்டு, டென்சிட்டி குறைந்த கெட்டி ஃபோமும் உண்டு. எண்ணைக் கேட்டுக்கொள்ளலாம், படுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

மலையடிவாரத்து மெத்தை மரம்

மெத்தைக்கு வேண்டிய பஞ்சு மரத்திலேயே காய்க்கிற வட்டாரம் தேனி மாவட்டம். மேகமலையின் அடிவாரத்தில் வைகை பிறந்து வருகிற பள்ளத்தாக்கில் வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்று ஊர் ஊராக இலவ மரங்கள் நிற்கின்றன. கோடையில் காய் முற்றி இறக்கப்படும். பஞ்சாகி, மெத்தையாகி, தலையணையாகி வெளியூர் போவதற்குப் போடிநாயக்கனூர் பெயர்பெற்ற ஊர்.

மரம் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. தாவரவியல் பெயர் செய்பா பென்டாண்ட்ரா. இலை உதிர்ந்த கிளைகளில் இரவில் பூ விரியும். பழந்தின்னி வௌவால்கள் அந்தப் பூவில் தேன் குடித்து, மகரந்தத்தைச் சுமந்து போவதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆகப் போடி மெத்தைக்குப் பின்னால் வௌவாலின் உழைப்பும் இருக்கிறது.

முற்றிய காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர்மஞ்சள் பளபளப்போடு பஞ்சு திணிந்திருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது, விரலிடுக்கில் வழுக்கும். கொஞ்சம் உதறினாலே மிளகு அளவிலான கருப்பு விதைகள் பொலபொலவென்று உதிரும். பருத்தியில் இது நடக்காது. பருத்தி இழை விதைத் தோலிலிருந்தே முளைப்பதால் அதை மெஷினில் கொடுத்துப் பிய்க்க வேண்டும். இலவ இழை காயின் உள்சுவரிலிருந்து முளைக்கிறது. விதை அதில் ஒட்டாமல் சும்மா கிடக்கிறது.

மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வித்தியாசம் இன்னும் துலங்கும். பருத்தி இழை காய்ந்ததும் தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குத்தான் நூலாகத் திரிக்க உதவுகிறது. இலவ இழை காய்ந்த பிறகும் உருண்டைக் குழாயாகவே நிற்கும். சுவரின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். உள்ளே பெரும்பகுதி காற்று. முறுக்கு இல்லாததால் தனியாக நூல் நூற்க உதவாது. வெளிப்பக்கம் இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. தன் எடையைப்போல் சுமார் 30 மடங்கைத் தண்ணீரில் தாங்கி மிதக்கும் என்பதால், ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புக் கவசங்களில் இதைத்தான் அடைத்தார்கள். அப்போது உலகச் சந்தைக்கு முக்கியமாக அனுப்பியது ஜாவா. 1942இல் ஜப்பான் அந்தத் தீவைப் பிடித்ததும் வரத்து நின்று, அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் வயல்வரப்புகளில் எருக்கின் உறவுச் செடி ஒன்றின் பஞ்சைப் பொறுக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

‘இலவம்பஞ்சு உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அறிவியல் இதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ளும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. காற்றை அடைத்து வைத்திருக்கும் இலவம்பஞ்சும் கடத்தாது. குளிர்காலச் சட்டைகளில் இறகுக்குப் பதிலாக அதை அடைக்கிறார்கள் என்றால், அது சூட்டைக் காக்கிற பொருள்தானே!

பிறகு ஏன் அதில் படுத்தால் புழுங்குவதில்லை? இழைகளுக்கு நடுவே இடைவெளி திறந்திருப்பதால் வியர்வை ஆவி தங்காமல் வெளியேறுகிறது. ஒவ்வொரு முறை புரளும்போதும் உள்ளிருக்கும் காற்று வெளியே போய்ப் புதுக் காற்று உள்ளே வருகிறது. பஞ்சின் எடையே குறைவு என்பதால் சூட்டைச் சேமித்து வைக்கவும் அதில் சரக்கு இல்லை. குளிர்ச்சி பஞ்சின் குணமென்று நினைக்கிறோம்; உண்மையில் அது காற்றோட்டத்தின் வேலை. அதே பஞ்சை ரெக்சின் உறைக்குள் அடைத்துவிட்டால் குளிர்ச்சி போய்விடும். பருத்தி உறைதான் பொருத்தம்.

குறையும் உண்டு. மெல்லிய குழாய்கள் எடை பட்டுப் பட்டு நசுங்கும். ஓரிரு ஆண்டில் இடுப்பு விழும் இடம் பள்ளமாகும். வெயிலில் போட்டுத் தட்டினால் ஈரம் போய்ப் பஞ்சு பெருமளவு உப்பிவிடும். ஒடிந்த இழை மட்டும் திரும்பாது, தூளாகும். அந்தத் தூசி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. தவிர, காற்று நிறைந்த மெல்லிய இழை என்பதால் தீப்பொறி பட்டால் மளமளவென்று பிடிக்கும். கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலடியில் வைக்கிற வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முகம் புதைகிற மென்மையான மெத்தையிலோ தலையணை வைத்தோ படுக்க வைக்கவே கூடாது. இது எந்தப் பஞ்சுக்கும் பொருந்தும்.

ஃபோமும் ரப்பரும் நாரும்

மெமரி ஃபோமுக்குப் பின்னால் நாசா இருக்கிறது என்று விளம்பரம் சொல்வது உண்மைதான். 1966இல் விமான இருக்கைக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது அது. உடல் சூடு பட்டதும் இளகி வடிவத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும், அழுத்தம் பரவலாகும். கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை மாதத்தில் அந்த நற்குணமே வினையாகிறது. உடலை ஒட்டிச் சுற்றிக்கொள்வதால் காற்று நுழைய இடமில்லை, சூடு தேங்கும். மேகமலையின் மார்கழியிலோ பிரச்சினை நேர்மாறு. குளிர்ந்த அறையில் அது விறைத்துக் கிடக்கும். படுத்துச் சற்று நேரம் கழித்துத்தான் இளகும். ஒரே மெத்தை, சுமார் 1,100 மீட்டர் உயர வித்தியாசத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது.

ரப்பர்ப் பாலை நுரைக்க அடித்து மெத்தையாக்கும் முறை 1929இல் டன்லப் நிறுவனத்தில் பிறந்தது. லேடெக்ஸ் அமுங்கினால் உடனே எழும்பும். துளைகள் உள்ளதாக வாங்கினால் காற்றும் போகும். விலையும் எடையும் கூடுதல். குமுளியைத் தாண்டினால் ரப்பர் தேசம் என்பதால் நமக்கு இது அந்நியச் சரக்கில்லை.

தேங்காய் நாரைச் சுருட்டி ரப்பர்ப் பால் தெளித்து அழுத்திச் செய்வது காயர் மெத்தை. நாருக்கு நார் இடைவெளி இருப்பதால் காற்று தாராளமாகப் போகும். ஈரத்தில் எளிதில் மக்காது. அதுமட்டும் என்றால் சிலருக்குக் கெட்டியாக இருக்கும். மேலே இரண்டு அங்குல இலவம்பஞ்சு மெத்தை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

கீழே ஒன்று, மேலே ஒன்று

சின்னமனூர், கம்பம், உத்தமபாளையம் பக்கம் வீடென்றால் காற்றோட்டத்துக்கே முதலிடம். காயர் மெத்தையும் மேலே இலவம்பஞ்சும், அல்லது துளையுள்ள லேடெக்ஸ். அடியில் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த கட்டில். முதுகுப் பிரச்சினை இல்லாதவருக்குக் கோடையில் கயிற்றுக் கட்டிலும் கோரைப்பாயும் இன்னும் செல்லுபடியாகிற தொழில்நுட்பம்தான்.

மேகமலை, குமுளி, போடிமெட்டு போன்ற இடங்களில் எதிரி குளிரைவிட ஈரம். மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழைகிற ஊர். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் தூசிப்பூச்சி பெருகும். அங்கே மழைக்காலம் முழுக்க அதற்குக் கொண்டாட்டம். அடியில் பெட்டி வைத்த ‘ஸ்டோரேஜ்’ கட்டில் மலை வீட்டுக்கு ஏற்றதில்லை. படுத்தவரின் உடல் ஈரம் கீழே இறங்கி, குளிர்ந்த பலகையில் பட்டு நீராகி, மெத்தையின் அடிப்பக்கம் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூக்கும். தரையில் நேராகப் போட்டாலும் இதே கதி. கால் உயர்ந்த சட்டக் கட்டிலில், சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். எழுந்ததும் போர்வையை மடித்து மெத்தை மேலேயே வைக்காமல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி வெளியே போடலாம். லேடெக்ஸை மட்டும் வெயிலில் காயப் போடக் கூடாது. புற ஊதாக் கதிர் ரப்பரை உளுக்க வைத்துவிடும். அதற்கு நிழல்காற்று போதும்.

சுற்றுலா விருந்தினருக்காகவோ சிறிய வீட்டுக்காகவோ சோபா கம் பெட் வாங்குகிறவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். விரித்தபின் மடிப்பு விழும் இடம் இடுப்புக்கு நேராக வருகிறதா? அடியிலுள்ள இரும்புச் சட்டம் முதுகில் தட்டுப்படுகிறதா? ஃபோம் நான்கு அங்குலமாவது இருக்கிறதா? மாதம் இரண்டு இரவு படுக்க அது போதும். தினசரி படுக்கைக்கு என்றால் அந்தப் பணத்தில் ஒரு சாதாரணக் கட்டிலும் மெத்தையும் வாங்குவதே லாபம்.

கடையில் செய்ய வேண்டியவை

உட்கார்ந்து அமுக்கிப் பார்ப்பது சோதனையே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகத் தூங்குகிற வாக்கில் பத்து நிமிடம் படுங்கள். கூச்சம் வேண்டாம். மல்லாந்து படுத்து இடுப்பின் அடியில் கையை நுழையுங்கள்: தாராளமாகப் போனால் மெத்தை கெட்டி, நுழையவே முடியாவிட்டால் மெதுவு, லேசான தடையோடு போனால் சரி. தம்பதியில் ஒருவருக்கு எடை மிக அதிகமென்றால் இரண்டு ஒற்றை மெத்தைகளைச் சேர்த்துப் போடுவது புத்திசாலித்தனம்.

இலவம்பஞ்சு என்றால் கலப்படம் பாருங்கள். ஒரு சிட்டிகைப் பஞ்சை டம்ளர் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். இலவம் மேலே வந்துவிடும். மில் கழிவுப் பஞ்சு ஊறி அடியில் போகும். இன்னொரு சிட்டிகையைக் கடைக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். சாம்பலானால் பஞ்சு, உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர்.

விலையைப் படுக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பதும் நல்லது. இலவம்பஞ்சு மெத்தை ஓரிரு ஆண்டில் அமுங்கினாலும் உறையைப் பிரித்துப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்துவிடலாம். அமுங்கிய ஃபோமை அப்படிச் சரிசெய்ய வழியில்லை, குப்பைக்குத்தான் போகும். பஞ்சை அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்ட ஆளும் மொட்டை மாடியும் இருக்கிற வீட்டுக்கு இலவம் மலிவு. இரண்டும் இல்லாத வீட்டுக்கு லேடெக்ஸோ காயரோதான் மலிவு, முதலில் கொடுக்கிற பணம் கூடுதலாக இருந்தாலும்.