தபால்காரர் வேலை பார்க்கும் வைரஸ்

2021 ஜூன் 4. டாடா மெமோரியல் மையத்தின் நவி மும்பை வளாகத்தில் ரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் உடலில் அவருடைய சொந்த வெள்ளை அணுக்களே திரும்ப ஏற்றப்பட்டன. ஆனால் அவை போனபடியே திரும்பி வரவில்லை. இடையில் ஒரு வைரஸ் உள்ளே புகுந்து, அவற்றின் ஜீன்களுக்கு நடுவே புது ஜீன் ஒன்றைச் செருகிவிட்டிருந்தது. அந்த வைரஸ் எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி.யின் வம்சம்.

பதற வேண்டியதில்லை. விஷப் பல் பிடுங்கப்பட்ட வைரஸ் அது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பல வருடங்களாக அதற்குத் தபால்காரர் உத்தியோகம்தான். அது சுமப்பவற்றில் ‘சிக்னல் புரோட்டீன்’களுக்கான ஜீன்களும் உண்டு.

செல்கள் ஓயாமல் பேசிக்கொள்பவை. ‘வளர்’, ‘நில்’, ‘தாக்கு’, ‘செத்துப்போ’ என்று வெளியிலிருந்து வரும் உத்தரவை செல்லின் மேல்தோலில் உள்ள ஒரு புரோட்டீன் வாங்கும். உள்ளே இருக்கும் இன்னொன்றிடம் அது தள்ளிவிடும், அது அடுத்ததிடம். இந்த வரிசையில் யாருக்கு என்ன வேலை என்று கண்டுபிடிக்க ஒரு வழி, ஒருவரை நீக்கியோ, கூடுதலாகச் சேர்த்தோ, கை காலை மாற்றியோ பார்ப்பது. அதற்கு ஜீனை செல்லுக்குள் அனுப்ப வேண்டும். ரசாயனத்தில் கலந்து ஊற்றினால் சில செல்கள் வாங்கிக்கொள்ளும். நோய் எதிர்ப்புப் படையின் டி செல்களும் மூளை நரம்பு செல்களும் அடம்பிடிக்கும். பூட்டிய வீட்டுக்குள் நுழைவதையே பிழைப்பாகக் கொண்ட வைரஸிடம் விஞ்ஞானிகள் சரணடைந்தது இதனால்தான்.

உண்மையில் இந்த வித்தையை வைரஸ்தான் முதலில் செய்து காட்டியது. 1911ல் நியூயார்க் ராக்பெல்லர் நிலையத்தில் பெய்டன் ரூஸ், ஒரு கோழியின் கட்டியை அரைத்து, வடிகட்டிய சாறை இன்னொரு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் கட்டி வந்தது. சாறில் இருந்தது ஒரு வைரஸ். பின்னாளில் அதன் புற்றுநோய் ஜீனுக்கு ‘சார்க்’ என்று பெயர் வைத்தார்கள். அது வைரஸின் சொந்தச் சொத்தல்ல, எப்போதோ கோழியிடமிருந்து திருடியது என்று 1976ல் மைக்கேல் பிஷப்பும் ஹெரால்ட் வார்மஸும் காட்டினார்கள். அந்த ஜீன் தயாரிப்பது ஒரு சிக்னல் புரோட்டீன். மற்ற புரோட்டீன்களில் பாஸ்பேட்டை ஒட்டி ‘வளர்’ உத்தரவைத் தட்டிவிடுவது அதன் வேலை. பிஷப், வார்மஸ் இருவருக்கும் 1989ல் நோபல் கிடைத்தது. ரூஸுக்கும் கிடைத்தது, 55 வருடம் காக்க வைத்து, 1966ல்.

திருட்டு ஜீனைச் சுமக்கும் வைரஸ், நாம் கொடுப்பதைச் சுமக்காதா? 1983ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதற்கு வழி பிறந்தது. வைரஸின் ஓட்டைச் செய்யும் ஜீன்களை ஒரு செல்லில் தனியாக வைத்துவிட்டு, ஓட்டுக்குள் வேண்டிய ஜீனை மட்டும் அடைக்கும் முறை. அப்படிப் பிறக்கும் வைரஸ் ஒரு முறை செல்லுக்குள் நுழையும், பெருகாது. ஆனால் பிளவுபடும் செல்களுக்குள்தான் அதன் ஜம்பம் பலித்தது. 1996ல் லூயிஜி நல்டினி, பஞ்சாபில் பிறந்த இந்தர் வர்மா, டிடியே ட்ரோனோ ஆகியோரின் குழு எச்.ஐ.வி.யையே காலி செய்து, பிளவுபடாத செல்களுக்குள்ளும் புகவைத்தது. மேலே போர்த்திய உறை, மாடுகளுக்கு வாய்க்கொப்புளம் தரும் வேறொரு வைரஸுடையது. இப்படித்தான் லென்டிவைரஸ் தபால்காரர் வேலைக்கு வந்தது.

நவி மும்பையில் அது கொண்டுபோன கடிதம் ‘கார்’ என்ற ஒட்டுப்போட்ட புரோட்டீன். அதன் தலை செல்லுக்கு வெளியே இருக்கும். புற்றுநோய் செல்லின் மேலுள்ள சி.டி.19 என்ற அடையாளத்தைப் பிடிக்கும். சூட்சுமம் உள்ளே தொங்கும் வாலில். டி செல்லில் ‘ஜீட்டா’ என்றொரு சங்கிலி உண்டு. அதன் உள்வால் மட்டுமே தாக்குதல் உத்தரவு கொடுக்கப் போதும் என்று 1991ல் கலிபோர்னியாவில் ஆர்தர் வைஸும் பிரையன் இர்விங்கும் நிரூபித்தார்கள். ஆனால் ஜீட்டாவை மட்டும் பொருத்திய செல்கள் சுருக்கமாகச் சண்டையிட்டு ஓய்ந்தன. துணைக்கு இன்னொரு வால் வேண்டும். எது?

2004ல் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாரியோ கம்பானாவின் குழு, விதவிதமான வால்களை வைரஸ்களில் ஏற்றி டி செல்களுக்கு அனுப்பியது. கூடவே ஜெல்லி மீனின் பச்சை ஒளி ஜீனும் போனது. எந்த செல்லுக்குத் தபால் சேர்ந்தது என்பதை ஒளியே சொல்லிவிடும். 4-1பிபி என்ற சிக்னல் புரோட்டீனின் வால் சேர்ந்தவை வெளுத்து வாங்கின. 2009ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லென்டிவைரஸ் மூலம் எலிகளில் பார்த்தபோது, 4-1பிபி வால் கொண்டவை நீண்ட நாள் உயிரோடும் இருந்தன. அமெரிக்கா 2017ல் அனுமதித்த முதல் கார்-டி சிகிச்சையில் இருப்பது அந்த வால்தான். அப்போது அதன் விலை 4,75,000 டாலர்.

ஐ.ஐ.டி. பம்பாயில் ராகுல் புர்வாரின் குழு எடுத்துக்கொண்டதும் அதே 4-1பிபி, ஜீட்டா ஜோடியை. தலையை மட்டும், எலியிலிருந்து வந்ததை மனித சாயலுக்கு மாற்றிக்கொண்டார்கள். டாடா மெமோரியலில் சோதனை நடந்தது. ‘நெக்ஸ்கார்19’ என்ற பெயரில் 2023 அக்டோபரில் அனுமதி வந்தது. 2024 ஏப்ரல் 4 அன்று ஜனாதிபதி திரௌபதி முர்மு தொடங்கிவைத்தார். விலை, அமெரிக்க விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. முக்கியக் காரணங்களில் ஒன்று, செலவு பிடிக்கும் வைரஸை வெளியே வாங்காமல் தாங்களே தயாரித்துக்கொண்டது. அப்படியும் பல லட்சம் ரூபாய் ஆகிறது. சாதாரணக் குடும்பத்துக்கு இது இன்னும் எட்டாக் கனிதான்.

தபால்காரர் எப்போதும் ஒழுங்காக நடந்துகொண்டதும் இல்லை. பாரிஸில் நோய் எதிர்ப்பே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குப் பழைய வகை வைரஸ் மூலம் ஜீன் கொடுத்தார்கள். குழந்தைகள் தேறினார்கள். ஆனால் சிலருக்கு 2002 முதல் ரத்தப் புற்றுநோய் வந்தது. வைரஸ் போய்ச் செருகிய இடம், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு ஜீனின் பக்கத்தில். லென்டிவைரஸ் அந்த அளவுக்கு ஆபத்தானதல்ல என்பது இதுவரையிலான அனுபவம். இருந்தும் கார்-டி மருந்துகளால் புதிதாக டி செல் புற்றுநோய் வர வாய்ப்பிருப்பதாக லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2024 ஜனவரியில்.

நெக்ஸ்கார்19 சோதனை முடிவுகள் 2025ல் வெளியாயின. பலன் கண்டவர்கள் சுமார் 73 சதவிகிதம். மீதிப் பேருக்கு ஏன் கேட்கவில்லை? கேட்டவர்களிலும் சிலருக்கு நோய் ஏன் திரும்புகிறது? சந்தேகம் மறுபடி வால் மேல்தான். ஜீட்டாவில் உத்தரவு பிறக்கும் இடங்கள் மூன்று. மூன்றும் ஒரே நேரத்தில் கத்தினால் செல் சீக்கிரம் களைத்துவிடுகிறது. இரண்டை ஊமையாக்கினால் எலிகளில் பலன் கூடுகிறது என்று 2019ல் நியூயார்க்கில் மிஷெல் சடலேனின் குழு கண்டது. ஒன்றை அணைத்து, ஒன்றை மாற்றி, ஒவ்வொரு வாலையும் புது வைரஸில் ஏற்றிப் பார்க்கும் வேலை ஆய்வுக்கூடத் தட்டுகளில் தொடர்கிறது.