முள் இறங்கினால் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் தமிழகக் கிழக்குக் கரையின் விசைப்படகுகளுக்குப் பழுது பார்க்கும் பருவம். பழைய இன்ஜின் சூடானதும் ஆயில் பிரஷர் இறங்குகிறது என்றால், ‘பேரிங் போய்விட்டது, பிரிக்க வேண்டியதுதான்’ என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். அது சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் மற்ற காரணங்களை எல்லாம் விலக்கிய பிறகே சொல்ல வேண்டிய தீர்ப்பு அது. கடலைக் காணாத உள்நாட்டு விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. விசைப்படகுகள் பலவற்றில் ஓடுவது லாரிக்கான டீசல் இன்ஜினைக் கடலுக்கேற்ப மாற்றியமைத்ததே. நெல் வயலில் சேறடிக்கும் டிராக்டருக்குள்ளும் ஆயில் சுற்றிவரும் முறை ஏறக்குறைய அதுதான்.

ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ள மட்டுமே செய்கிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவிலுள்ள நூலிழை இடைவெளி அந்த ஓட்டத்துக்குத் தடையாக நிற்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. ஆகவே ஆயில் போதாமல் இருந்தாலும், அது நீர்த்துப்போனாலும், ரிலீஃப் வால்வு தூசியால் மூடாமல் நின்றாலும், பம்ப் தேய்ந்தாலும் பிரஷர் கேஜின் முள் இறங்கும். கேஜே பழுதாகியும் இருக்கலாம். பேரிங் தேய்மானம் இவற்றோடு சேர்ந்த ஒரு காரணம் மட்டுமே. பரவலாகப் புழங்கும் 15டபிள்யூ-40 ஆயில், 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் சுமார் ஏழில் ஒரு பங்கு கெட்டியாகவே இருக்கும். எனவே சூடான இன்ஜின் மெதுவாக ஓடும்போது முள் ஓரளவு தாழ்வது இயல்பு. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்ற வேகத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் என்பது மெக்கானிக்குகளின் பொதுக்கணக்கு. இறுதி அளவு அந்த இன்ஜினின் கையேட்டில் உள்ளதே.

முள் திடீரென விழுந்தால் முதல் வேலை இன்ஜினை நிறுத்துவது. அடுத்து டிப் ஸ்டிக். அளவு குறைந்திருந்தால், படகு ஆடும்போது பம்ப் காற்றை உறிஞ்சும். அளவு கூடி, டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது; பால் நிறமென்றால் தண்ணீர். பிறகு சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் சரியான மெக்கானிக்கல் கேஜை மாட்டி, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் அளக்க வேண்டும். அளவு உண்மையிலேயே குறைவென்றால் உரிய ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்கலாம். மடிப்புகளில் உலோகத் துகள் மின்னினால் பேரிங் மீதான சந்தேகம் வலுக்கும். படகில் இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாயையும் பார்க்க வேண்டும். அது அடைபட்டால் இன்ஜின் கொதித்து ஆயில் மேலும் நீர்க்கும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குக்குச் சத்தமே போதாதா என்று கேட்கலாம். அந்தக் காதின் மதிப்பு பெரிது. ஆனால் பேரிங் தட்டும் சத்தம் கேட்கும்போது சேதம் முற்றியிருக்கும். கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறுமே என்பது இன்னொரு வாதம். முள் ஏறும், நோய் அப்படியே இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் அந்த ஆயில் மேல்பகுதியை எட்டவும் தாமதமாகும். தடைக்காலத்தில் எப்படியும் நேரம் இருக்கிறது, பிரித்தால் என்ன என்பதே வலுவான மறுப்பு. ஆனால் பேரிங் தேய்ந்ததற்குக் காரணம் டீசல் கசிவு என்றால், அதைக் கண்டுபிடிக்காமல் மாட்டிய புது பேரிங்கும் அதே வழியில்தான் போகும். பிரிக்க வேண்டிய இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும். ஏன் பிரிக்கிறோம் என்பதை அளந்து அறிந்த பிறகு பிரித்தால், செலவழிக்கும் பணம் வீணாகாது.