பாட்டுக்குப் பின்னால் ஓடும் 45 ஆம்பியர்

மாணவர்களே, உங்கள் அண்ணனோ மாமாவோ காரில் புதிதாக ஆம்ப்ளிஃபையர் பொருத்தப் போவதாகச் சொன்னால், வீட்டில் பேச்சு எதைப் பற்றி ஓடும்? எத்தனை வாட், எத்தனை அங்குல ஊஃபர், என்ன விலை என்றுதான் ஓடும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை எந்தக் கம்பி போடப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இந்த முறை நீங்கள் கேளுங்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். இளவயதில் என் பழைய காரில் நானே ஓர் ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தினேன். வீட்டு விளக்குகளுக்குப் போட்டது போக மீந்த 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒரு சுருள் கிடந்தது. அதையே பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை இழுத்துவிட்டேன். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் பாட்டு முழங்கிய பிறகு பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது. வண்டியை ஓரங்கட்டி, கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். கம்பியின் காப்புறை இளகிக் கம்பளத்தோடு ஒட்டியிருந்தது. வாட் கணக்கை மட்டும் பார்த்த நான், ஆம்பியர் கணக்கைப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கை இப்போது நாம் சேர்ந்து போடுவோம். கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கருக்கு 500 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் போகும் மின்திறன் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும், ஏனெனில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. இப்போது பரவலாக விற்கும் ‘டி’ வகை ஆம்ப்ளிஃபையர்களின் பயனுறுதிறன் ஏறக்குறைய 80 விழுக்காடு. ஆகவே 500ஐ 0.8ஆல் வகுத்தால் 625 வாட் உள்ளே போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 13.8 வோல்ட் அளவில் இருக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 625ஐ 13.8ஆல் வகுத்துப் பாருங்கள்: 45 ஆம்பியர்.

இது எவ்வளவு பெரிய மின்னோட்டம்? உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள 2000 வாட் மின்சாரக் கெட்டில், 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப்போல மூன்றில் ஒரு பங்கு மின்திறனைத்தான் எடுக்கிறது, ஆனால் மின்னோட்டமோ ஐந்து மடங்கு! மின்னழுத்தம் குறைந்தால், அதே மின்திறனுக்கு மின்னோட்டம் ஏறத்தான் வேண்டும். நம் நாட்டின் மின்கோபுரங்களில் 275,000 வோல்ட்டிலும் 500,000 வோல்ட்டிலும் மின்சாரத்தை அனுப்புவது இதே கணக்கால்தான். அங்கே மின்னழுத்தத்தை ஏற்றி மின்னோட்டத்தைக் குறைக்கிறார்கள். காரில் நமக்கு அந்த வசதி இல்லை. மிஞ்சுவது ஒரே வழி: கம்பியைத் தடிமனாக்குவது.

செம்பு நல்ல கடத்தி என்றாலும் அதற்கும் தடை உண்டு. நீளம் கூடினால் தடை கூடும், குறுக்குப் பரப்பு கூடினால் குறையும். எஞ்சின் பக்கமுள்ள பேட்டரியிலிருந்து பின்பெட்டி வரை 5 மீட்டர் என்று கொள்வோம். நான் போட்ட அந்த விளக்குக் கம்பியில் தடை சுமார் 0.057 ஓம். கேட்டால் ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. ஆனால் அதில் 45 ஆம்பியர் ஓடினால் 2.6 வோல்ட் கம்பியிலேயே விழுந்துவிடும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குங்கள்: 116 வாட் வெப்பம். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கம்பளத்துக்கு அடியில் எரியவிட்டு ஓட்டிக்கொண்டு போவதற்குச் சமம்.

கார் ஒலிக் கடைகளில் கம்பியை ‘கேஜ்’ எண்ணால் விற்பார்கள். இது அமெரிக்க அளவுமுறை, தலைகீழாக ஓடும்: எண் சிறிதானால் கம்பி தடிமன். மூன்று எண் இறங்கினால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். ஒரு காலத்தில் கம்பியை அச்சுத் துளைகள் வழியாக இழுத்து இழுத்து மெலிதாக்கினார்கள், எத்தனை முறை இழுத்தார்களோ அதற்கேற்ப எண் ஏறியது. 8 கேஜ் கம்பியின் பரப்பு சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர். நம் 45 ஆம்பியருக்கு அதில் 0.46 வோல்ட் இழப்பு, 21 வாட் வெப்பம். 4 கேஜ் என்றால் பரப்பு 21 சதுர மில்லிமீட்டர், இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் கீழ், வெப்பம் 8 வாட். என்னைக் கேட்டால் 4 கேஜ்தான்.

ஆனால் தடிமனைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். மலிவான கம்பிகள் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. பொட்டலத்தில் சி.சி.ஏ. என்று போட்டிருக்கும். அதே தடிமனில் செம்பு கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இது கடத்தும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அதை வாங்கவே கூடாது என்றில்லை, வாங்கினால் ஒரு படி தடிமனாக வாங்க வேண்டும்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘2000 வாட்’ என்று போட்டிருக்கிறதே என்று அண்ணன் சொல்லலாம். ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸ்களைப் பாருங்கள். 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 50 ஆம்பியர். 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 690 வாட் உள்ளே போகலாம், 80 விழுக்காடு போட்டால் 550 வாட் வெளியே வரலாம். தொடர்ந்து 2000 வாட் எங்கிருந்து வரும்? ஆற்றல் அழியா விதி விளம்பரத்துக்காக வளைந்து கொடுக்காது. கம்பியைத் தேர்ந்தெடுக்கவும் பெட்டியின் எண்ணைவிட இந்த 50ஐ நம்புங்கள்.

இனி மிக முக்கியமான பகுதி. ஆம்ப்ளிஃபையரிலேயே ஃபியூஸ் இருக்கும்போது பேட்டரி பக்கத்தில் இன்னொன்று எதற்கு? எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தகரச் சுவர் வழியாகத்தான் கம்பி உள்ளே வருகிறது. துளையின் விளிம்பு காப்புறையை அறுத்துவிட்டால், செம்பு காரின் உடலைத் தொடும். காரின் உடல்தான் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்திருக்கிறதே! எஞ்சினைக் கிளப்பவே நூறு ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய பேட்டரி, அத்தனையையும் அந்த இடத்தில் கொட்டும். ஆம்ப்ளிஃபையரிலுள்ள ஃபியூஸ் வழியாக அந்த மின்னோட்டம் போகவே போகாது, அது சும்மா இருக்கும். எரிவது கம்பி, பிறகு கம்பளம், பிறகு கார். ஆகவே பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அது காப்பாற்றுவது கம்பியை. எனவே அதன் எண் கம்பி தாங்கும் அளவை மீறக்கூடாது. அடிக்கடி அறுந்துபோகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுவது, காவலாளியைத் தூங்க வைப்பது போன்றது. தகரத் துளையில் ரப்பர் வளையம் மாட்டுவதற்குச் சில காசுதான் ஆகும், அதையும் விட்டுவிட வேண்டாம்.

மின்னோட்டம் போனால் திரும்பியும் வர வேண்டும். திரும்பும் பாதை காரின் உடல். ஆம்ப்ளிஃபையரின் தரைக் கம்பி நேர்க் கம்பியைப் போலவே தடிமனாக, அரை மீட்டருக்குள், சாயம் சுரண்டிய வெறும் உலோகத்தில் இறுக்கமாக முடுக்கப்பட வேண்டும். சாயம் மின்கடத்தாப் பொருள். இந்த இணைப்பு தளர்ந்திருந்தால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஊய்ய்ய்’ என்ற முனகல் ஸ்பீக்கரில் கேட்கக்கூடும். பாட்டு வரும் மெல்லிய சிக்னல் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாமல், காரின் மறுபக்கமாகக் கொண்டு போவதும் இரைச்சலைத் தவிர்க்கத்தான்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். ஏன் தெரியுமா? நேர்முனையை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் தவறி காரின் உடலில் பட்ட கணமே குறுஞ்சுற்று, பெரும் தீப்பொறி. எதிர்முனை ஏற்கெனவே கழன்றிருந்தால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது. மாட்டும்போது எதிர்முனை கடைசி. இந்த வேலையை நீங்கள் தனியாகச் செய்யப் போகாதீர்கள். தெரிந்தவர் செய்யும்போது பக்கத்தில் நின்று, பேட்டரி அருகே ஃபியூஸ் எங்கே என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு பட்டறைக்குப் போகச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாகப் போட்ட பிறகும், இரவில் ஒவ்வொரு ‘தம்’முக்கும் முகப்பு விளக்கு மங்கினால்? அப்போது ஆம்ப்ளிஃபையர் கம்பியைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கம்பி வழியாக விளக்குக்கு மின்சாரம் போவதில்லை. ஆம்ப்ளிஃபையர் கேட்கும் வேகத்துக்கு ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் ஈடுகொடுக்க முடியவில்லை, அதனால் காரின் மின்னழுத்தமே ஒரு கணம் தாழ்கிறது. அதற்கு மருந்து பேட்டரியைச் சோதிப்பதும், ஒலியைக் கொஞ்சம் குறைப்பதும்தான். இரண்டாவதற்குச் செலவே இல்லை, ஆனால் அண்ணன்மார் அதை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.