காற்றின் நிழல்

சீகிரியாவுக்குச் செல்வோர் சித்திரங்களைக் காணச் செல்கின்றனர். காசியப்ப மன்னனின் நீர்த்தோட்டங்களைக் காணச் செல்கின்றனர். காற்றைக் காணச் செல்பவர் எவருமிலர். ஆயினும் கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அக்குன்றில் ஏறுபவர் ஒரு பௌதிகப் பாடத்தைத் தம் மேனியாலேயே கற்றுக்கொள்ளலாம். சமவெளியினின்று ஏறத்தாழ 180 மீற்றர் செங்குத்தாய் எழுந்த பாறை அது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று அதன்மேல் மோதிப் பிரிந்து, விளிம்புகளில் விரைந்தோடுகிறது. மறுபுறத்திலோ சுழன்று தடுமாறுகிறது. வடபுறத்துச் சிங்கபாத முற்றத்தில் ஒருமுறை நான் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்தேன். அது காற்று வந்த திசையையே நோக்கி அசைந்தது. வெயிலில் மரத்துக்கு நிழல் இருப்பதுபோலக் காற்றில் கல்லுக்கும் ஒரு நிழல் உண்டு.

அந்நிழல் வெறுமையன்று என்பதை இந்நாட்டு இரும்பு உருக்குவோர் அறிந்திருந்தனர். சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவர்கள் மேற்கு நோக்கி உலைகள் அமைத்தனர். துருத்தி இல்லை. உலையின் முன்சுவரைத் தாண்டிப் பாயும் பருவக்காற்று, சுவருக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைக்கும். அக்குறைவு வெளிக்காற்றைக் குழாய்களின் வழியே உள்ளிழுத்து நெருப்பை மூட்டும். கில் ஜுலெஃப் என்னும் தொல்லியல் அறிஞர் அவ்வாறே உலை அமைத்து உருக்கிப் பார்த்து, 1996இல் ‘நேச்சர்’ இதழில் இதனை வெளியிட்டார்.

இன்று இதே நிழல் காற்றாலை அமைப்போருக்குக் கவலையாகியிருக்கிறது. காற்றாடி சக்தியைக் கவர்ந்தபின் காற்று வேகங்குன்றியே வெளியேறும். முழுவதையும் கவர்தல் இயலாது. கவர்ந்தால் காற்று அங்கேயே நின்று, பின்வருவதற்கு வழியிராது. 1920இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் இதற்கு 59.3 வீதம் என்று எல்லை வகுத்தார். காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும். பின்னால் நிற்பவன் பாடு திண்டாட்டந்தான்.

டென்மார்க்கின் கடற்பரப்பில் ஹோர்ன்ஸ் ரெவ் என்னுமிடத்தில் 2002இல் 80 காற்றாடிகளை நிறுவினர். ஒன்றுக்கொன்று 560 மீற்றர் தூரம். அதாவது சுழல்விட்டத்தைப்போல் ஏழு மடங்கு. அவ்வளவு இடைவெளி விட்டும், காற்று வரிசைக்கு நேராக வீசும்போது இரண்டாவது காற்றாடி முதலாவதைவிட ஏறத்தாழ 40 வீதம் குறைவாகவே ஈட்டியது. வியப்பு இனிமேல்தான். மூன்றாவதும் நான்காவதும் அதே விகிதத்தில் வீழ்ந்துகொண்டே போகவில்லை. ஏறக்குறைய இரண்டாவதன் நிலையிலேயே நின்றன. ஏன்?

சீகிரியாவைச் சூழ்ந்த உலர்வலயத்துக் குளங்களை நினைத்துப் பாருங்கள். மேற்குளத்து நீர் வயலிற் பாய்ந்து, எஞ்சியது கீழ்க்குளத்தைச் சேரும். ஆனால் கீழ்க்குளம் அக்கசிவை மட்டும் நம்பியிருப்பதில்லை. அதற்கும் மழை பெய்கிறது. காற்றாடிக்கும் மேலிருந்தே நிரப்பம் வருகிறது. உயரத்தில் தடையின்றி ஓடும் விரைந்த காற்று, சுழிப்புகளால் கீழிறங்கித் தளர்ந்த காற்றோடு கலந்து அதற்கு உயிரூட்டுகிறது. வெயிலில் நிலம் காயும் பகலில் இக்கலப்பு விரைவாக நிகழும். குளிர்ந்தடங்கிய இரவில் நிழல் நெடுந்தூரம் நீளும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தலைக் கண்டவர்கள் அங்குள்ள நெருக்கத்தை அறிவர். ஒருவர் காற்றாடிக்குப் பின்னால் மற்றொருவரது. வயலுக்கு நீர்முறை வகுக்க நம் ஊர்களில் வட்டவிதானையார் இருந்தார். காற்றுக்கு அத்தகைய ஒருவர் இல்லை. முன்னுள்ள காற்றாடியைச் சில பாகை திருப்பினால் அதன் நிழல் விலகும். அது சிறிது இழக்கும். பின்னுள்ளது கூடுதலாகப் பெறும். இரண்டும் ஒருவருடையவையானால் கணக்குச் சரியாகிவிடும். வேறு வேறு முதலாளிகள் என்றால் எவர் திருப்புவார்?

மன்னாரின் தென்கரையோரமாக நிற்கும் தம்பபவனிக் காற்றாலையை நான் இக்கண்ணோடுதான் பார்க்கிறேன். 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட அதில் 30 காற்றாடிகள். ஒவ்வொன்றின் சுழல்விட்டமும் 126 மீற்றர். மொத்த வலு 103.5 மெகாவாற்று. கச்சான் காலத்தில் கடற்காற்று முதலில் அவற்றைச் சந்தித்த பின்னரே தீவுக்குள் நுழைகிறது. தீவில் மேலும் காற்றாடிகள் நிறுவுவதை எதிர்த்து 2025இல் மக்கள் போராடினர். வலசைப் பறவைகள், மழைநீர் வடிதல், மீன்பிடி ஆகியவையே அவர்களது கேள்விகள். என் கண்ணில் அவையே முதன்மையானவை. அவற்றோடு, புதிய வரிசை எவ்வரிசையின் நிழலில் நிற்கும், அந்த இழப்பு எவர் கணக்கில் எழுதப்படும் என்பதையும் கம்பம் நடுவதற்கு முன்பே ஊரறிய வெளியிட வேண்டும்.