அம்பத்தூர்ப் பங்கும் மும்பைக் குறியீடும்

சென்னைக்கு மேற்கே பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஆலைச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அவற்றைச் சேர்ந்தவர்களில் பலர் இப்பொழுது பங்கு வியாபாரத்திலும் கை வைத்திருக்கின்றனர். 1937 முதல் நடந்துவந்த சென்னைப் பங்குச் சந்தை 2015-ல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் கைபேசி உள்ள இடமெல்லாம் இன்று மும்பைச் சந்தையின் வாசலாயிருக்கிறது. செபி வாரியம் 2024-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அன்றே வாங்கி அன்றே விற்கும் வியாபாரம் செய்த தனிநபர்களில் 10-க்கு 7 பேர் 2022-23-ல் நஷ்டமடைந்தனர். போனது உழைத்துச் சேர்த்த பணம். எனவே இவர்கள் பெரிதும் நம்பும் ஒரு முறையைப் பரிசீலிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

ஒரு பங்கை வாங்குமுன் அது சேர்ந்த துறையின் குறியீட்டெண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பதே அம்முறை. இதில் நியாயம் இல்லாமலில்லை. 2019-ல் வாகன விற்பனை சரிந்து, பாடியிலும் எண்ணூரிலும் ஆலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தன. நிஃப்டி ஆட்டோ குறியீடோ 2018-லேயே இறங்கத் தொடங்கிவிட்டது. ஆலைச் சங்கு ஓயுமுன் அந்த எண் எச்சரித்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் எந்தப் பங்கிற்கு எந்தக் குறியீடு? இங்கேதான் நம்மவர்கள் பெயரைக் கண்டு ஏமாறுகிறார்கள்.

நிஃப்டி ஆட்டோவில் 15 கம்பெனிகள் உள்ளன. அவற்றிற்குச் சம எடை கிடையாது. சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்புக்கேற்பவே எடை அமையும். ஒரே கம்பெனிக்கு 33 சதவிகிதம் வரையிலும், முதல் மூன்றுக்குமாக 62 சதவிகிதம் வரையிலும் இடமுண்டு. ஆகவே கார், மோட்டார் சைக்கிள் விற்கும் சில பெரிய கம்பெனிகள் அசைந்தால் குறியீடு அசையும். திருகாணி செய்பவன் நிலைமை அதில் தெரியுமென்று எதிர்பார்ப்பது வீண். பாடியில் 1966-ல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் பாஸ்னர்ஸ் 1990-களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பிய கம்பெனி. அதன் வரவில் கணிசமான பகுதி ஏற்றுமதியால் வருவது. தீபாவளிக்கு இங்கே எத்தனை ஸ்கூட்டர் விற்றதென்ற கணக்கோடு அமெரிக்க ஆலைகளின் தேவையையும் டாலரின் விலையையும் கவனியாமல் அப்பங்கைத் தொடுவது எங்ஙனம்?

இதனினும் விசித்திரமானது டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் சங்கதி. 1949-ல் பிறந்து, அம்பத்தூரில் சைக்கிளும் ஆவடியில் எஃகுக் குழாயும் செய்து பெயரெடுத்த கம்பெனி அது. வாகனக் குறியீட்டில் அதற்கு இடமும் கிடைத்தது. ஆனால் 2020-ல் அது மின்மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் செய்யும் சி.ஜி. பவர் கம்பெனியைக் கைக்கொண்டது. அன்று முதல் அந்த உடைமையின் மதிப்பும் இப்பங்கின் விலைக்குள் அடங்கியிருக்கிறது. சி.ஜி. பவரோ 2024-ல் குஜராத்திலுள்ள சானந்தில் செமிகண்டக்டர் ஆலைக்கு மத்திய மந்திரிசபையின் அனுமதி பெற்றது. சைக்கிள் கம்பெனி என்று வாங்குபவர் உண்மையில் மின்சாதனத் தொழிலையும் சேர்த்தே வாங்குகிறார். இன்னொன்று: 2017-ல் நிதித் தொழில் தனியாகப் பிரிக்கப்படுமுன் இதே பெயரில் விற்ற பங்கில் கடன், இன்ஷூரன்ஸ் வியாபாரங்களும் அடக்கம். அக்காலத்து விலையை இன்றைய வாகனக் குறியீட்டோடு ஒட்டிப் பார்ப்பதில் பொருளில்லை.

ஆகவே கம்பெனியின் ஆண்டறிக்கையில் பணம் எந்தத் தொழிலால், எந்த நாட்டிலிருந்து வருகிறதென்று முதலில் பார்க்கவேண்டும். அதற்குப் பொருந்தக்கூடிய இரண்டு மூன்று குறியீடுகளை எடுத்துக்கொண்டு, பங்கும் அவையும் வாரந்தோறும் எத்தனை சதவிகிதம் மாறின என்று ஓராண்டுக்கேனும் எழுதிப் பார்க்கலாம். பொதுவான நிஃப்டி 50-ஐயும் அவ்வரிசையில் வைப்பது முக்கியம். அதுவே துறைக் குறியீட்டளவுக்கு ஒத்து நடந்தால், துறைக் குறியீடு புதிதாக எதையும் சொல்லவில்லையென்று அர்த்தம். ஒத்த குறியீடு கிடைத்தபின், பங்கின் விலையை அந்த எண்ணால் வகுத்து, ஈவு ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். குறியீடு 10 சதவிகிதம் ஏறிய காலத்தில் பங்கு 4 சதவிகிதமே ஏறினால் ஈவு இறங்கும். லாபம் கண்ணில் பட்டாலும் அது பின்தங்கிய பங்கே.

ஆவடி வாசிகளிடம் தனியே ஒரு வார்த்தை. விஜயந்தா முதல் அர்ஜுன் வரை டாங்கிகள் செய்த கனரக வாகனத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் 1 முதல் சர்க்காருக்கே முழுதும் சொந்தமான ஒரு கம்பெனியின் கீழ் இயங்குகிறது. அதன் பங்கு சந்தையில் இல்லை. பாதுகாப்புத் துறைக் குறியீட்டில் முக்கிய இடம் பெறுபவை விமானம் செய்யும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும், ரேடார் செய்யும் பாரத் எலக்ட்ரானிக்ஸும். இரண்டுக்கும் தலைமையிடம் பெங்களூர். டாங்கி ஆர்டர் வந்ததென்று கேட்டு அக்குறியீட்டை வாங்க ஓடுபவர், அதில் எவையெவை அடங்கியிருக்கின்றன என்ற பட்டியலைத் தேசியப் பங்குச் சந்தை கட்டணமின்றி வெளியிடுகிறது என்பதையும் அறிந்திருக்கட்டும்.