ஊதாங்குழலுக்கு ஒரு மோட்டார்

நவம்பர் நான்காவது வியாழன், அமெரிக்காவில் ‘தேங்க்ஸ்கிவிங்’. வான்கோழி இல்லாத விருந்து அன்று அபூர்வம். அந்தப் பறவையிடம் ஒரு வில்லங்கம் உண்டு. நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வறளத் தொடங்கும். தொடைக்கறியோ 80 டிகிரியை எட்டினால்தான் பதமாகும். ஆட்டுக்கால் சூப்பில் கரைந்து உதட்டில் ஒட்டுமே, அந்தச் சவ்வு இதிலும் கரைய வேண்டும். பறவை ஒன்று, பதம் இரண்டு.

அதற்குத்தான் முதல் நாளே உப்புத் தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு, ஃபிரிட்ஜுக்குள் 12 மணி நேரத்துக்குக் குறையாமல். மாங்காயில் உப்பைத் தூவினால் தண்ணீர் விடுகிறதே, கறி மட்டும் எப்படி ஈரமாகும்? கறியைச் சூடாக்கும்போது அதன் நார்கள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் சாற்றைப் பிழிந்துவிடும். உள்ளே போன உப்பு நார்ப் புரதங்களைக் கொஞ்சம் கரைத்துத் தளர்த்துகிறது. பிழியும் கை சோர்ந்துபோகிறது. தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. கூடவே போடும் மிளகும் பிரிஞ்சி இலையும் தோலைத் தாண்டி அதிகம் போவதில்லை. அதெல்லாம் பெரும்பாலும் சமைப்பவரின் மனத்திருப்திக்கு!

ஒரு எச்சரிக்கை: பல வான்கோழிகளுக்குக் கடைக்கு வரும் முன்பே உப்புக் கரைசலை ஊசியில் ஏற்றிவிடுகிறார்கள். உறையைப் படிக்காமல் மறுபடி ஊறவைத்தால் கருவாடுதான்.

ஊறியதைத் துடைத்து, மூடாமல் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். நமத்த அப்பளம் பொரியாது. ஈரத் தோலும் அப்படித்தான்.

இனி அடுப்பு. விறகடுப்பில் பாட்டி என்ன செய்வார்? விறகைத் தள்ளுவார், ஊதாங்குழலால் ஊதுவார், கொதி மிஞ்சினால் கட்டையை வெளியே இழுப்பார். பெல்லட் கிரில் அந்தப் பாட்டியேதான். 1980களில் ஓரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் என்ற ஊரில் டிரேகர் குடும்பம் உருவாக்கியது. மரத்தூளை இறுக அழுத்திய சிறு குச்சிகள்தான் ‘பெல்லட்’. அவைதான் இதற்கு விறகு. கடலை உருண்டைக்குப் பாகுபோல இதற்கு மரத்திலேயே உள்ள லிக்னின். சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். மோட்டாரில் சுழலும் திருகு குச்சிகளைத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளுகிறது, விசிறி ஊதுகிறது, உள்ளிருக்கும் வெப்பமானி சூட்டைப் பார்த்துத் திருகின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. தீக்கு மேலே தோசைக்கல்போல ஒரு தகடு. தீ நேராகக் கறியைத் தொடாது. சூடும் புகையும் சுற்றி வந்துதான் வேகவைக்கின்றன.

தீ நன்றாகப் பிடித்தால் புகை குறையும். அதனால் முதல் இரண்டு மணி நேரம் 110 டிகிரியில் மந்தமாக எரியவிட்டுப் புகையை ஏற்றுகிறார்கள். அது மெல்லிய நீலப் புகையாக இருக்க வேண்டும். கெட்டியான வெள்ளைப் புகை கசக்கும், புகை பிடித்த பால்போல. பிறகு 165 டிகிரி, தோல் மொறுமொறுக்க. ஆறேழு கிலோவுக்கு மேற்பட்ட பறவை இதற்கு வேண்டாம். கிருமி பெருகும் 4 முதல் 60 டிகிரிக்குள் அது நெடுநேரம் கிடக்கும்.

அமெரிக்க வேளாண் துறை 74 டிகிரி வரை வேகவைக்கச் சொல்கிறது. நெஞ்சுக்கறிக்கு அது அதிகம்தான். உப்பு ஏறிய கறி தாங்கிக்கொள்ளும்.

வெட்டும்போது தோலுக்கடியில் இளஞ்சிவப்பு தெரிந்தால், ‘வேகலையே’ என்று யாராவது தட்டைத் தள்ளிவைப்பார். புகையிலுள்ள வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. வெப்பமானியைக் குத்திக் காட்டிவிட்டுப் பரிமாறுங்கள்.