பாலர் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு

ஜூன் பிறந்தால் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் தாய்மார்களுக்குத்தான் வயிற்றில் புளி கரைக்கும் என்று நாம் நினைக்கிறோம். அந்த வகுப்பை ஏற்கப் போகும் டீச்சருக்கும் அதே நிலைதான். அதுவும் அதுவரை எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளோடு ஆடிப் பாடிக் கொண்டிருந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு டீச்சர் தன்னைத் தயார் செய்துகொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதில் தாய்மார்களுக்கும் தெரிய வேண்டிய சங்கதிகள் நிறைய இருப்பதால் எழுதுகிறேன்.

என் இளைய நாத்தனார் அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். தொடக்க வகுப்புகளில் இருந்த ஆசிரியைகளை அங்கே மாற்றினார்கள். அவளும் போனாள். 2022 கோடையில் அவர்களைப் பழையபடி தொடக்க வகுப்புகளுக்கே அழைத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு வந்தது, அப்படியே நடந்தது. பாலர் வகுப்புகளையே மூடிவிடுவார்களோ என்று பெற்றோர் பதறினார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு, வகுப்புகள் தொடரும் என்று அந்த ஜூன் மாதமே அரசு அறிவித்தது. ஆனால் போன டீச்சர்கள் போனவர்கள்தான்.

விடுமுறைக்கு அக்காள்மடத்தில் எங்கள் வீட்டுக்கு அவள் வந்திருந்தாள். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, ராமேஸ்வரம் போகும் சாலையில் உள்ள ஊர் எங்களுடையது. அவள் வேலை பார்க்கும் பள்ளியும் இதே கடற்கரைப் பக்கம்தான்.

"மதினி, நான் போற வகுப்புக்கு என் யு.கே.ஜி. பிள்ளைகளே வருவாங்க. ஆனா அவங்க என்னத்தைப் படிச்சாங்க சொல்லுங்க? மூணு மாசம்தானே வந்தாங்க!" என்றாள்.

உண்மைதான். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தன. பாலர் வகுப்புகள் திறக்க 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. பென்சில் பிடிக்கத் தெரியாமல், வரிசையில் நிற்கத் தெரியாமல் ஒரு கூட்டமே ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகிறது. முதல் வகுப்பில் எழுத்துப் பிடிபடாத பிள்ளை இரண்டிலும் மூன்றிலும் சும்மா உட்கார்ந்திருக்கும். எட்டாவது வந்ததும் "படிப்பு ஏறலை" என்று நாமே முடிவு கட்டி, பையனைப் படகுக்கும் பெண்ணை மீன் கம்பெனிக்கும் அனுப்பிவிடுவோம். அவளுடைய பயம் அதுதான்.

இடம் மாறும் நாற்று

கிண்டர்கார்டன் என்றால் குழந்தைகள் தோட்டம் என்று அர்த்தம். ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் 1837-ல் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 1840-ல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். எங்கள் தீவுக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மல்லிகைக் குச்சியை மணலில் ஊன்றி, வேர் விட்டதும் நாற்றாக வெளியூர்களுக்கு அனுப்புவது இங்கே பழைய தொழில். இடம் மாற்றி நட்ட புதிதில் நாற்றுக்கு நிழலும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். உரத்தைக் கொட்டினால் கருகிப் போகும்.

பாலர் வகுப்பில் பாட்டு, கதை, விளையாட்டு. ஒன்றாம் வகுப்பில் புத்தகம், நோட்டு, மணி அடித்தால் அடுத்த பாடம். இரண்டுக்கும் நடுவே இருப்பது கோடை விடுமுறை மட்டும்தான். "பழைய வகுப்பிலே பாதியை இந்த வகுப்புக்குத் தூக்கிக்கிட்டுப் போகப் போறேன்" என்றாள் நாத்தனார். காலையில் அரை மணி நேரம் பாட்டும் கதையும், மதியத்துக்குப் பிறகு கை வேலை, இடையில்தான் எழுத்தும் கணக்கும் என்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு அட்டவணை போட்டாள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம்

முதலில் அவள் செய்தது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியதுதான். யு.கே.ஜி.யில் பார்த்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். மார்க் கிடையாது. 'கேட்டால் தலையாட்டும், வாய் திறக்காது.' 'பத்து வரை எண்ணும், ஆனால் பத்துச் சிப்பி எடுத்துத் தராது.' 'இடது கைக்காரி, மாற்ற வேண்டாம்.' 'காலையில் சாப்பிடாமல் வருகிறான்.' 'கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறது, அம்மாவிடம் சொல்லணும்.' இப்படி.

"டீச்சர் மாறினா இதெல்லாம் யாருக்கும் தெரியாம போயிடும். புது டீச்சர் கண்டுபிடிக்கறதுக்குள்ள தீபாவளி வந்துடும்" என்றாள். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

விரலுக்கு வேலை

அடுத்தது கை. ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் முழுக்க உருவாகியிருக்காது. பிறக்கும்போது குருத்தெலும்பாக இருப்பவை வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து மூன்று பக்கம் எழுது என்றால் வலிக்கும். வலித்தால் எழுத்தே வெறுத்துப் போகும்.

ஆகவே பென்சிலுக்கு முன்னால் விரலுக்குப் பயிற்சி. புளியங்கொட்டை, சோழி, சிப்பி எல்லாம் நான் சேர்த்துக் கொடுத்தேன். களிமண் உருட்டுவது, பனையோலை மடிப்பது, பூத்தொடுப்பது, புள்ளிக் கோலம் போடுவது எல்லாமே எழுத்துக்கு முந்தின பாடம்தான். தட்டில் கடல் மணலைப் பரப்பி விரலால் எழுத வைப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்த வழக்கம். சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797-ல் இங்கிலாந்தில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். 1939-ல் அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்திய மரியா மாண்டிசோரி அம்மையாரும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவச் சொன்னவர்தான். நம்மிடம் மணலுக்கா பஞ்சம்?

ட, ப, ம

247 எழுத்தையும் வரிசையாக ஒப்பித்துவிட்டு ஒரு வார்த்தை படிக்கத் தெரியாத பிள்ளைகள் உண்டு. நாத்தனார் வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நேர்கோட்டில் போடக்கூடிய ட, ப முதலில். பிறகு சற்று வளையும் ம. இந்த மூன்றும் புள்ளியும் தெரிந்தால் 'படம்', 'பட்டம்', 'மடம்' படித்துவிடலாம். மடம் படித்த பிள்ளைக்கு எங்கள் சாலையோர ஊர்ப் பலகையே பாடம் ஆகிவிடாதா? அக்காள்மடம், தங்கச்சிமடம் இரண்டிலும் அது இருக்கிறதே!

ஆனால் எழுத்துக்கு முன்னால் பேச்சு என்பதில் கண்டிப்பாக இருந்தாள். "வீட்டுப் பேச்சிலே பேசட்டும். நான் திருத்த மாட்டேன். முதல்ல வாய் திறக்கட்டும்" என்பாள். மீன் பெயர் இருபது சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் முதலில் மீனைப் பற்றித்தான் கேட்க வேண்டுமாம்.

அந்த ஆண்டுதான் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வைத்து, ஆடலும் பாடலுமாகவே பாடம். "நான் பயந்துக்கிட்டே எழுதி வெச்சதைத்தான் பயிற்சியிலும் சொல்றாங்க மதினி" என்று போனில் சந்தோஷப்பட்டாள்.

ஜூன் 13

அந்த வருஷம் பள்ளி திறந்தது ஜூன் 13. எங்கள் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்து ஜூன் 14-ல் முடியும். இரண்டு மாதம் வீட்டில் இருந்த அப்பா கடலுக்குக் கிளம்புகிற அதே வாரம் பிள்ளை புதுப் பள்ளிக்குப் போக வேண்டும். அழாமல் என்ன செய்யும்? முதல் வாரம் அழுகைக்கென்றே ஒதுக்கிவிட்டாள். பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை. பாத்ரூம் எங்கே, தண்ணீர் எங்கே, கேட்டுவிட்டுப் போவது எப்படி என்று தினமும் கூட்டிப் போய்க் காட்டினாள். பயந்து அடக்கிக்கொண்டே இருந்து வயிற்று வலி வந்த பிள்ளைகளை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

வாய் திறக்காத அந்தப் பிள்ளை செப்டம்பர் வரை திறக்கவில்லை. நோட்டில் எழுதியிருந்ததால் அதை யாரும் மந்தம் என்று ஒதுக்கவில்லை. தினம் ஒரு கேள்வி கேட்டு, தலையாட்டினால் போதும் என்று விட்டுவிட்டாள். பொங்கலுக்கு வந்தபோது, "இப்ப அவன் வாயை மூடறதுதான் கஷ்டம்" என்று சிரித்தாள்.

நாம் செய்யக்கூடியது

• யு.கே.ஜி. முடியும்போது அந்த டீச்சரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். பிள்ளைக்கு எது வரும், எதற்குப் பயம் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

• அந்தக் காகிதத்தை ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் முதல் வாரமே கொடுங்கள்.

• பொத்தான் போடுவது, டிபன் டப்பா திறப்பது, கை கழுவுவது ஆகியவற்றைத் தானே செய்யப் பழக்குங்கள்.

• பார்வை, காது இரண்டையும் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள். குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளைத் தவற விடாதீர்கள்.

• வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் சில இடங்களில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க வந்தது. அந்த நேரத்துக்குப் பிள்ளை பள்ளியில் இருக்கட்டும்.

• "இன்னைக்கு எத்தனை பக்கம் எழுதினே?" என்று கேட்காதீர்கள். "யாரோட விளையாடினே? என்ன கதை சொன்னாங்க?" என்று கேளுங்கள். பிள்ளை கோர்வையாகப் பதில் சொன்னால் படிப்பு தானாக வரும்.

எல்லாப் பிள்ளைக்கும் யு.கே.ஜி. டீச்சரே ஒன்றாம் வகுப்புக்கும் கூட வரமாட்டார். டீச்சர் வராவிட்டாலும் பிள்ளையைப் பற்றிய சேதி போய்ச் சேர வேண்டும். அதைக் கொண்டு போய்ச் சேர்க்க அம்மாவை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?